அம்மாயியோட அம்மாவ எங்க பொதைச்சாங்கன்னு தேடுறேன், பழைய பதிவு, தோட்டத்து சுடுகாடு பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஜெலுத்தோங் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம், பினாங்குலேர்ந்து எழுதுறேன். எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) போன தை மாசம் தவறிட்டாங்க, பத்து லஞ்சாங் சுடுகாட்டுலதான் தகனம் பண்ணோம். கருமாதி முடிஞ்சு அவங்க ரூம ஒதுங்க வைக்கும்போது அலமாரி மேல ஒரு பழைய மிலோ டின்னு இருந்துச்சு, மூடி துருப்பிடிச்சு கரண்டி வச்சு நெம்பித்தான் தொறந்தோம். உள்ள எங்கம்மாவோட சூராட் பெரானாக் (பொறப்பு சர்டிபிகேட்), மடிப்புல கிழிஞ்சு போன ஒரு ஏர்மெயில் லெட்டர், அப்புறம் தபால்தலை அளவுக்கு ஒரு பொம்பளையோட போட்டோ. போட்டோ பின்னாடி ஒண்ணுமே எழுதல.

அம்மாயி சொன்னதுல எனக்கு ஞாபகம் இருக்கிறது இவ்வளவுதான். அவங்க அம்மா பேரு ராக்கம்மா, நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்துல ரப்பர் மரம் சீவுனாங்க, அப்பாவ சப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் ரோடு போட புடிச்சிட்டு போய் அவரு திரும்பி வரவே இல்ல, ராக்கம்மாவும் அம்மாயி சின்னப் புள்ளையா இருக்கும்போதே போய்ட்டாங்க. எங்கம்மா கணக்குப்படி அது மெர்டேக்காவுக்கு, சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம், அதாவது 1956. நானும் ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) கவுண்டர்ல போராங், அதான் ஃபாரம், எழுதிக் கொடுத்து 1955, 56, 57 மூணு வருஷமும் தேடச் சொன்னேன், அப்படி ஒரு பேரே இல்லன்னுட்டாங்க. ரெண்டு தடவ லீவு போட்டாச்சு. அம்மாயி எந்தத் தீபாவளிக்கும் புதுத்துணி கட்டுனதே இல்ல, ஏன்னு கேட்டா எழுந்து போய்டுவாங்க. அவங்க உயிரோட இருக்கும்போது ஒழுங்கா கேக்காம விட்டுட்டேனேன்னு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

செந்தூல்காரன்:
மொதல்ல அம்மாயிக்கு அஞ்சலிம்மா. நான் கேஎல்ல எங்க அப்பா வழிய அஞ்சு வருஷமா தேடிட்டிருக்கேன், பட்ட அனுபவத்துல சொல்றேன், நீங்க ராக்கம்மாவத் தேடுனா கெடைக்க மாட்டாங்க, பேர எழுதுன கிராணி, அதான் ஆபீஸ் கிளார்க்கு, காதுல என்ன விழுந்துச்சோ அதத்தான் தேடணும். பேரு கொடுக்கப் போறவருக்கு எழுத்து தெரியாது, எழுதுறவரு மலாய்க்காரரோ சீனரோ மலையாளியோ, அவரு காதுக்கு எட்டுன மாதிரி ரோமன் எழுத்துல போட்டுருவாரு. எங்க பாட்டி லெட்சுமி, அவங்களுக்கு மூணு பேப்பர்ல மூணு ஸ்பெல்லிங், ஒண்ணுல நடுவுல டி இருக்கு, ஒண்ணுல இல்ல, கடைசி எழுத்து ஒரு எடத்துல ஐ ஒரு எடத்துல ஒய். ராக்கம்மான்னா ஒரு கே போட்டு, ரெண்டு கே போட்டு, கடைசில எச் போட்டு, எல் போட்டு ராக்கம்மாள்னு, எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. நமக்கு குடும்பப் பேரு கெடையாது, அப்பன் பேருதான் பின்னாடி வரும், வெள்ளக்காரன் பண்ற மாதிரி ஒரே பேர வச்சு நாலு தலைமுறை போக முடியாது, ஒவ்வொரு படியிலயும் பேரு மாறிடும்.

பழைய கிராணி:
மகளே, நான் செபராங் பிறையில ரெண்டு தோட்டத்துல 1971லேர்ந்து ஆபீஸ் கிராணியா இருந்தவன். அந்தக் காலத்துல ஒரு ஆளோட வாழ்க்கை பூரா செக்ரோல்ங்கிற தோட்டத்துப் பேரேட்டுலதான் இருந்துச்சு. ஆம்பள பொம்பள பேரு, எந்த கங்காணி (ஆளுங்கள மேய்க்கிற மேஸ்திரி) கேங்கு, எத்தன நாளு பெரட்டுக்கு, அதான் காலைல பேரு கூப்பிடுறதுக்கு, வந்தாங்க, என்ன கூலி, அரிசிக்கு எவ்வளவு புடிச்சாங்க எல்லாம் அதுல வரும். ஆளு செத்துட்டா அந்த மாசத்தோட பேருல ஒரு கோடு விழும். ஆனா ஒண்ணு, தோட்டம் கைமாறுறப்ப பழைய புக்க யாரும் காப்பாத்தல. நான் வேல செஞ்ச எடத்துல ஸ்டோருக்குப் பின்னாடி மூணு நாளு எரிச்சாங்க, நானே கண்ணால பார்த்தேன், அப்ப அது நம்ம ஜனங்களோட பேருன்னு எனக்குப் படல. இன்னிக்கும் நெஞ்சு கனக்குது.

உங்களுக்கு ஒரு வழி இருக்கு. 1948ல மலாயாவுல அவசரகாலம் வந்தப்ப 12 வயசுக்கு மேல எல்லாருக்கும் ஐசி (அடையாள அட்டை) போட்டாங்க. ராக்கம்மா அதுக்கு அப்புறம் இறந்திருந்தா கட்டாயம் ஐசி எடுத்திருப்பாங்க, அதுக்கு போட்டோ வேணும். டின்னுல இருக்கிற சின்ன போட்டோ அதுக்குப் புடிச்சதுல மிஞ்சுன ஒண்ணா இருக்கலாம். வயசானவங்க யார்கிட்டயாவது காட்டுங்க, பேரச் சொல்லாம காட்டுங்க. சொல்லிட்டுக் காட்டுனா எல்லாரும் ஆமாம்பாங்க.

பட்டர்வொர்த் அக்கா:
தங்கச்சி, நீங்க அம்மாயின்னு கூப்புடுறதப் பார்த்தாலே பாதி ஊரு தெரியுதே. தஞ்சாவூர் பக்கம்னா அம்மாச்சிம்பாங்க, திருநெல்வேலின்னா ஆச்சி, அம்மாயின்னா திருச்சி, நாமக்கல், சேலம், கரூர் பக்கம். எங்க வீட்டுலயும் அதே பேச்சுதான், அத வச்சே ஒரு மாவட்டம் புடிச்சேன். சாமி யாரு? படையல் எப்ப போடுவீங்க, கெடாயா கோழியா, மொட்டை யாரு பேர்ல? இதையெல்லாம் அம்மாகிட்ட கேளுங்க. பேப்பர் தொலைஞ்சாலும் குலசாமி தொலையாது.

அந்த ஏர்மெயில் லெட்டர ஏன் இன்னும் படிக்கல? மொதல்ல அனுப்புனவங்க விலாசத்தப் பாருங்க, நம்ம ஊரு விலாசத்துல கிராமத்துப் பேருக்குக் கீழ அஞ்சல்னு ஒண்ணு இருக்கும், வழின்னு ஒண்ணு இருக்கும், தாலுகா இருக்கும். ஒரே பேருல பத்து கிராமம் இருக்கும், ஆனா அஞ்சலும் தாலுகாவும் சேர்ந்தா ஒண்ணுதான் நிக்கும். விலாசம் கிழிஞ்சிருந்தா ஸ்டாம்பு மேல குத்துன வட்ட முத்திரைய லென்சு வச்சுப் பாருங்க, போஸ்டாபீஸ் பேரு வளைவா இருக்கும்.

ஜெலுத்தோங் பொண்ணு:
அக்கா, சத்தியமா அழுதுட்டேன். லெட்டர மடிப்பு உடையாம ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு போன்ல படம் புடிச்சேன். ஊர் பேர் இருந்த எடத்துலதான் கிழிஞ்சிருக்கு, ஆனா கீழ 'முசிறி தாலுகா' முழுசா இருக்கு. கடைசி வரி மட்டும் எழுதுறேன், "தங்கச்சி ராக்காயிக்கு, அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, உன் குரல் கேட்க வேண்டும் என்கிறார், பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவும்." ராக்கம்மாவ அவங்க அண்ணன் ராக்காயின்னு எழுதியிருக்காரு. பாப்பாங்கிறது எங்க அம்மாயி.

செந்தூல்காரன்:
அப்ப ராக்காயிங்கிறதையும் பேப்பர்ல சேர்த்துக்குங்க. வீட்டுல ஒரு பேரு, செக்ரோல்ல ஒரு பேரு, சகஜம்.

ஜாலான் ரோபர்ட்சன்:
நாங்க கத்தோலிக்கர், எங்க தேடல் வேற மாதிரி, படிக்கிற யாருக்காவது உதவும்னு போடுறேன். கேஎல்ல செயின்ட் அந்தோனி, பினாங்குல பினாங்கு ரோட்டுல இருக்கிற செயின்ட் ஃபிரான்சிஸ் சேவியர், ரெண்டும் தமிழ் சனங்களுக்குன்னே வந்த கோயிலுங்க. பழைய ஞானஸ்நானப் புத்தகம் லத்தீன்ல இருக்கும், பயப்படாதீங்க, ஒரே மாதிரி வரிதான் திரும்பத் திரும்ப வரும், நாலு வார்த்த தெரிஞ்சா போதும். 'ஃபீலியா'ன்னா மகள், 'ஃபீலியுஸ்'னா மகன், 'பாட்ரினுஸ்'னா ஞானத்தகப்பன். எங்க அந்தோணியம்மா பாட்டிய 'அந்தோனியா'ன்னு எழுதி வச்சிருந்தாங்க, நாங்க ஒரு வருஷம் தாண்டித்தாண்டிப் போயிருக்கோம். ஞானத்தாய் தகப்பன் பேர விட்டுறாதீங்க, அனேகமா சொந்தக்காரங்களா இருப்பாங்க இல்ல அதே ஊர்லேர்ந்து கப்பல் ஏறுனவங்களா இருப்பாங்க. புத்தகத்துக்கு ஓரத்துல பின்னாடி நடந்த கல்யாணத்தையும் சின்னதா குறிச்சிருப்பாங்க, எங்களுக்கு அந்த ஓரத்துலதான் தாத்தா கெடைச்சாரு.

லெபோ சூலியா தம்பி:
எங்க பக்கம் பள்ளிவாசல்லயும் கபுருஸ்தான்லயும் கேக்கணும், புத்தகத்த விட கபுரு வெட்டுறவரு குடும்பத்துக்கு அதிகம் தெரியும், அவங்க பரம்பரையா அதே வேலதான். பழைய வக்ஃபு பத்திரத்துலயும் மூணு தலைமுறை பேரு வரிசையா கெடைக்கும்.

செராஸ் வாத்தியார்:
தங்கச்சி சயாம் ரயில் பத்திச் சொன்னதால எழுதறேன். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர், 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. போர்க்கைதிங்களுக்கு பேரு, படைப்பிரிவு, கல்லறை எண் எல்லாம் இருக்கு, காஞ்சனாபுரியில வரிசையா கல்லு நிக்குது. நம்ம தோட்டத்து ஆளுங்கள லயத்து வீடுங்கள்லேர்ந்தும் சினிமா காட்டுறோம்னு கூப்பிட்டும் லாரி லாரியா கொண்டு போனாங்க, அவங்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல்லு கெடையாது, காலரா வந்த கேம்புல ஒரே குழியில தள்ளுனாங்க. என் தாத்தாவோட தம்பியும் போனவர்தான். நான் ரெண்டு தடவ காஞ்சனாபுரி போய் அந்த வெள்ளக்காரக் கல்லறையில ஒவ்வொரு பேராப் படிச்சுட்டு, கடைசில ஆத்தங்கரையில உக்காந்து எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வந்தேன். அதனால தங்கச்சி, அவரு சாவு சர்டிபிகேட்டத் தேடி நாளக் கடத்தாதீங்க. அதுக்குப் பதிலா போருக்கு அப்புறம் வந்த பேப்பருங்கள்ல ராக்கம்மாவ என்னன்னு எழுதியிருக்காங்கன்னு பாருங்க, விதவைன்னு இருந்தா அதுவே அவரப் பத்தின ஒரே பதிவா இருக்கலாம்.

ஜெலுத்தோங் பொண்ணு:
வாத்தியாரே, எங்கம்மாகிட்ட நீங்க எழுதுனத படிச்சுக் காட்டுனேன், அவங்க சாமி ரூம்ல போய் விளக்கேத்துனாங்க.

நேத்து ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கே போய்ட்டு வந்தோம். லயம் இடிச்சாச்சு, ரப்பர் போய் இப்ப பூரா எண்ணெய்ப்பனை, முனியாண்டி கோயிலு மட்டும் தகரக் கூரையோட நிக்குது. கோயில் பூசாரி, எழுவது வயசு இருக்கும், அவருதான் சுடுகாடு பின்னாடி வாய்க்கா தாண்டி இருக்குன்னு கத்தியால செடிய வெட்டிட்டே கூட்டிட்டுப் போனாரு. மொத்தம் ஒரு பத்துப் பதினஞ்சு மேடு, பேரு இருக்கிறது நாலோ அஞ்சோதான். அதுல ஒண்ணு கல்லு இல்ல, சிமெண்டுப் பலகை, ஈரமா இருக்கும்போது ஆணியால கீறுன மாதிரி எழுத்து. பாசி புடிச்சு பாதி தெரியல. எங்களுக்குத் தெரிஞ்சது "ரா", அப்புறம் ரெண்டு எழுத்து அழிஞ்சிருக்கு, கீழ "விஜய", அதுக்குப் பக்கத்துல ஏதோ கோலம் மாதிரி ஒரு சுழி, "ஐப்பசி", திரும்பவும் ஒரு சுழி, அப்புறம் "யஉ"ன்னு ரெண்டு எழுத்து. விஜயாங்கிறது வேற பொண்ணு பேரு போல, "யஉ" யாரோ ஒருத்தரோட இனிஷியல் போலன்னு நெனச்சு மனசு விட்டுப் போச்சு. பாசிய ஆசிட் ஊத்திக் கழுவலாமான்னு மாமா கேக்குறாரு.

செந்தூல்காரன்:
ஆசிட் வேணாம்! கம்பி பிரஷ்ஷும் வேணாம். சிமெண்டுல கீறுன எழுத்து ஆழம் கம்மி, ஒரு தடவ ஊத்துனா மேல் தோலோட எழுத்தும் போய்டும், எங்க குடும்பத்துல ஒரு கல்ல அப்படித்தான் இழந்தோம். வெறும் தண்ணி, தேங்கா நாரு கூட வேணாம், பழைய பனியன் துணி போதும். அப்புறம் சாயந்திரம் இருட்டுற நேரத்துல போய் டார்ச்ச பலகைக்கு நேரா அடிக்காம பக்கவாட்டுல தரையோட தரையா வச்சு அடிங்க, குழியில நிழல் விழுந்து எழுத்து தானா எழும்பும். நாலு பக்கத்துலேர்ந்தும் அடிச்சு நாலு போட்டோ எடுங்க.

பழைய கிராணி:
மகளே, கொஞ்சம் பொறு. விஜயாங்கிறது பொண்ணு இல்ல, வருஷம். நம்ம அறுவது வருஷச் சுத்துல விஜய வருஷம் 1953 ஏப்ரல்லேர்ந்து 1954 ஏப்ரல் வரைக்கும். பக்கத்துல இருக்கிற சுழி ௵, அது வருஷம்னு எழுதுற குறி. ஐப்பசிக்குப் பக்கத்துல இருக்கிறது ௴, மாசம். நீ "யஉ"ன்னு படிச்சது எழுத்தே இல்ல, தமிழ் இலக்கம். ய மாதிரி இருக்கிறது ௰, பத்து. உ மாதிரி இருக்கிறது ௨, ரெண்டு. பத்தும் ரெண்டும் பன்னெண்டு. ஐப்பசி 12ந்தேதி. இங்கிலீஷ் கணக்குல 1953 அக்டோபர் கடைசி வாரம், தீபாவளிக்கு ஒரு வாரம் பத்து நாள் முந்தி.

எழுதுனவரு பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்சவரா இருக்கணும். எங்க அப்பாவும் வீட்டுக் கணக்க இப்படித்தான் எழுதுவாரு.

பட்டர்வொர்த் அக்கா:
தீபாவளிக்குப் புதுத்துணி. கடவுளே.

ஜெலுத்தோங் பொண்ணு:
ஐயா, உங்க பதில ஆபீஸ்ல லிஃப்ட்ல நின்னு படிச்சேன், கால் ஆடிப் போச்சு. அம்மாயி அப்ப 13 வயசுப் பொண்ணு, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா போய்ட்டாங்க. அதுக்கப்புறம் எழுவது வருஷத்துக்கு மேல அம்மாயி எங்க எல்லாருக்கும் துணி எடுத்துக் கொடுத்துட்டு அவங்க மட்டும் பழைய சேலையில நின்னாங்க. எங்கம்மாவுக்கு இப்பத்தான் காரணம் தெரியுது.

டார்ச் அடிச்சுப் பார்த்தோம், அழிஞ்ச எடத்துல "க்கா" தெரிஞ்சுது, அதுக்கு அடுத்தது "யி". ராக்காயி. சந்தேகமே இல்ல.

செராஸ் வாத்தியார்:
உடனே ஜேபிஎன்ல 1953 அக்டோபர் நவம்பர் கேளுங்க. பலகையோட போட்டோவும் அது கெடக்குற எடத்தோட ஜிபிஎஸ் புள்ளியும் கையில இருக்கட்டும். உறவ காட்டுறதுக்கு அம்மாவோட சூராட் பெரானாக், அம்மாயியோட ஐசி எண்ணு, சாவு சர்டிபிகேட் மூணையும் சங்கிலி மாதிரி அடுக்கி எடுத்துட்டுப் போங்க.

ஜெலுத்தோங் பொண்ணு:
கெடைச்சிருச்சு!!! கவுண்டர்ல இருந்த மலாய்க்கார அக்கா நல்ல மனசு, நான் கொண்டு போன ஒம்பது ஸ்பெல்லிங்கையும் ஒண்ணொண்ணா அடிச்சுப் பார்த்தாங்க, எட்டாவதுல வந்துச்சு, ஒரே கே, கடைசில எல். வயசு சுமார் 35ன்னு போட்டிருக்கு, தொழிலு மரம் சீவுறது, தோட்டத்து ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல இறந்திருக்காங்க. பேருக்குப் பின்னாடி 'பெரியண்ணன் மகள்'. எங்க குடும்பத்துல யாருக்கும் தெரியாத பேரு அது. கண்ணு தெரியாம மக குரல கேக்கணும்னு லெட்டர் எழுதச் சொன்னாரே, அவரு பேரு பெரியண்ணன். சாவ பதிஞ்சவரு பேர பார்த்ததும் அம்மா அடையாளம் கண்டுபுடிச்சுட்டாங்க, அம்மாயிய எடுத்து வளர்த்தாரே அந்த கங்காணி தாத்தா. அவருதான் பலகையிலயும் எழுதியிருப்பாரு.

பட்டர்வொர்த் அக்கா:
பெரியண்ணன்னா பெரியண்ணசாமி கும்புடுற சனமா இருக்கலாம், துறையூர், முசிறி, கொல்லிமலைப் பக்கம் அந்த சாமி உண்டு. முசிறி தாலுகாவும் சேர்ந்து வருதே. அடுத்து அங்க சார்பதிவாளர் ஆபீஸ்லயும் கிராம நிர்வாக அலுவலர்கிட்டயும் பெரியண்ணன் பேர்ல பழைய பட்டா இருக்கான்னு பார்க்கணும். காட்டுத் துண்டு அரை ஏக்கர் இருந்தாக்கூட அத யாரு யாருக்குப் பிரிச்சாங்கன்னு பேரு வரிசையா வரும், ராக்காயியோட அண்ணன் வாரிசு அதுல இருக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிக்கிறேன். நான் போனப்ப எங்க சொந்தக்காரங்க நெலத்துல பங்கு கேக்க மலேசியாலேர்ந்து ஆளு வந்துருச்சுன்னு கதவச் சாத்திட்டாங்க. மொதல்ல லெட்டர காட்டுங்க, கோயிலுக்கு வந்தோம்னு சொல்லுங்க, பட்டா பேச்ச ரெண்டாவது நாளு எடுங்க.

பழைய கிராணி:
கப்பலையும் கேளு மகளே. இந்தியா சர்க்கார் 1938ல கங்காணி மூலமா ஆள் அனுப்புறத நிறுத்திருச்சு, ராக்காயி அதுக்கு முந்தி கங்காணியோட வந்திருக்கலாம், வளர்த்தவரும் கங்காணின்னா ஒரே ஊரா இருக்க வாய்ப்பு அதிகம். அப்ப அவரு குடும்பத்தத் தேடு, அவங்க வீட்டுலயும் ஒரு டின்னு இருக்கும். எங்க அம்மா ரஜூலாவுல நாகப்பட்டினத்துல ஏறி பினாங்குல எறங்குனவங்க. 1926ல கட்டுன கப்பலு, 1973 வரைக்கும் ஓடுச்சு. மேல்தட்டுல பாய் விரிச்சுப் படுத்து வந்ததையும், பினாங்கு மலையப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்னதையும் சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க.

ஜெலுத்தோங் பொண்ணு:
ஐயா நீங்க சொன்னபடியே செஞ்சேன். கங்காணி தாத்தாவோட மக சுங்கை பட்டாணியில இருக்காங்க, 88 வயசு, காது மந்தம், ஆனா பேச்சு கணீர்னு இருக்கு. பேர சொல்லாம அந்தச் சின்ன போட்டோவ கையில கொடுத்தேன். கண்ணாடிய கழட்டிட்டு மூஞ்சிக்கிட்ட வச்சுப் பார்த்தாங்க. "ராக்காயி அத்தைதானே இது, மூக்குத்தி வலப்பக்கம் குத்தியிருக்கா பாரு, அவங்க ஊர்ல அப்படித்தான் குத்துவாங்க, எங்கம்மாவுக்கும் அங்கதான்"ன்னாங்க. அப்புறம் ஊர் பேரையும் சொல்லிட்டாங்க, காவேரிக்கரைக்கு வடக்கே, முசிறி தாலுகாவேதான். வீட்டு ஆளுங்க இன்னும் இருக்காங்கன்னா அவங்களுக்கு மொதல்ல தெரியட்டும், அதனால இங்க போடல. ரெண்டு மணி நேரம் போன்ல ரெக்கார்ட் பண்ணியிருக்கேன், அதுல அம்மாயி சின்ன வயசுல பாடுன தாலாட்டு ஒண்ணும் அவங்க குரல்ல இருக்கு.

வர்ற ஐப்பசி 12 அன்னிக்கு பலகைக்கு முன்னாடி படையல் போடுறோம். அம்மா பேருல ஒண்ணு, அம்மாயி பேருல ஒண்ணு, ராக்காயி பேருல ஒண்ணுன்னு மூணு புதுச்சேலை எடுத்தாச்சு, லிட்டில் இந்தியாவுல. பக்கத்துல பேரில்லாத மேடுங்க பத்து இருக்கு, அதுங்களுக்கும் சேர்த்துச் செடி வெட்டணும், பூசாரி கத்தி கொண்டு வர்றேன்னாரு. காலைல 7 மணிக்கு நிபோங் திபால் ஸ்டேஷன் முன்னாடி நிக்குறோம், பினாங்குலேர்ந்து வர்றவங்களுக்கு எங்க வேன்ல நாலு எடம் இருக்கு. பழைய கிராணி ஐயா, உங்களுக்கு முன் சீட்டு.